இணையவழியில் அறிமுகக் கரிம வேதியியல்: தமிழ்வழி மாணவர் எதிர்கொள்ளும் கலைச்சொல், வரைவு, வடிவச் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

கரிம வேதியியலின் அறிமுகப் பாடத்தை இணையவழியில் பயிலும் தமிழ்வழி மாணவர், பாடப்பொருளின் கடுமையோடு வேறு மூன்று தடைகளையும் சந்திக்கிறார். வினைவழிமுறையைக் கையால் வரையாமல் கண்ணால் மட்டும் கற்பது முதல் தடை. தமிழகத்திலும் ஈழத்திலும் வெவ்வேறாக வழங்கும் கலைச்சொற்களுக்கு இடையில் அலைவது இரண்டாவது. முப்பரிமாண மூலக்கூறுகளைத் தட்டைத் திரையில் காண்பது மூன்றாவது. இத்தடைகள் எழும் விதத்தையும், அவற்றுள் மொழியால் நீங்கக்கூடியவை எவை என்பதையும் இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: கரிம வேதியியல், இணையவழிக் கல்வி, கலைச்சொல், வளைந்த அம்புக்குறி, கருக்கவர் பொருள், கருநாடி, பகுபதம், முப்பரிமாண வடிவம்.

முன்னுரை

பள்ளியில் தமிழ்வழியில் பயின்று, கல்லூரியில் வேதியியல், உயிர்வேதியியல், மருந்தியல் போன்ற பட்டப்படிப்புகளில் சேரும் மாணவர் முதலாண்டிலேயே கரிம வேதியியலை ஆங்கிலத்தில் எதிர்கொள்கிறார். வகுப்பில் விளங்காததை அவர் இணையத்தில் தேடுகிறார். அங்கே வளத்திற்குக் குறைவில்லை. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் உள்ளன. 2017இல் தொடங்கப்பட்ட ஸ்வயம் தளத்தின் வழியாக அவற்றிற்குத் தேர்வும் சான்றிதழும் கிடைக்கின்றன. ஒரு பருவத்தில் பயிலும் பாடங்களுள் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியே பயின்று மதிப்பலகு பெறப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் இடமளிக்கின்றன. ஆகவே, இணையப் பாடத்தைத் துணைப்பாடம் என்று மட்டும் இனிக் கருத இயலாது. பட்டச் சான்றிதழில் இடம்பெறும் பாடமாகவே அது மாறியுள்ளது.

அயல்நாட்டு வளங்களுள் இரண்டைச் சுட்ட வேண்டும். யேல் பல்கலைக்கழகத்தில் ஜே. மைக்கேல் மெக்பிரைடு 2008இல் முதலாண்டு மாணவர்க்கு நிகழ்த்திய 37 விரிவுரைகள் திறந்த பாடமாகக் கிடைக்கின்றன. 'எப்படித் தெரியும்?' என்னும் வினாவே அவற்றுள் முதல் விரிவுரையின் தலைப்பு. வினைகளை மனனம் செய்யப் பழகிய மாணவர்க்கு அவ்விரிவுரைகள் தொடக்கத்தில் எரிச்சலூட்டும். பிணைப்பு என்று ஒன்று இருப்பதற்கே சான்று கேட்கும் பாடம் அது. மற்றொன்று ஜான் மெக்மரியின் பாடநூல். நெடுங்காலம் விலையுயர்ந்த நூலாக இருந்த அதன் பத்தாம் பதிப்பை, நீர்மத் திசுவழற்சி எனப்படும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் 2019இல் மறைந்த தம் மகன் பீட்டரின் நினைவாக, ஓப்பன்ஸ்டாக்ஸ் வழியே 2023இல் அவர் கட்டணமின்றி வெளியிட்டார்.

வளம் இருந்தும் பாடத்தை முடிப்போர் சிலரே. எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவற்றின் இணையப் பாடங்களை ஆராய்ந்து ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரஸ்-வாலியென்டே ஆகியோர் 2019இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரையின்படி, 2017–18ஆம் ஆண்டில் பதிவு செய்தோருள் 3.13 விழுக்காட்டினரே பாடத்தை நிறைவு செய்தனர். இது எல்லாப் பாடங்களுக்கும் உரிய கணக்கு. இக்கட்டுரையின் அக்கறை வேறொரு வகையினர்மீது உள்ளது: பாடத்தை முடித்துச் சான்றிதழும் பெற்று, பின்னர்ப் பருவத் தேர்வில் வெற்றுத்தாளின் முன் ஒரு வினைவழிமுறையையும் வரைய இயலாது நிற்போர்.

காண்டலும் வரைதலும்

கரிம வேதியியலின் எழுத்துமுறை வளைந்த அம்புக்குறி. வில்லியம் கெர்மாக், ராபர்ட் ராபின்சன் ஆகிய இருவரும் 1922இல் வெளியிட்ட கட்டுரையில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. ஓர் எலக்ட்ரான் இணை எங்கிருந்து எங்குச் செல்கிறது என்பதை அக்குறி காட்டும். அம்பின் வால் எலக்ட்ரான் இணை இருக்கும் இடத்திலும், தலை அது சென்று சேரும் இடத்திலும் அமைதல் வேண்டும். அணு நகர்வதைக் காட்ட அதனைப் பயன்படுத்துதல் கூடாது. இலக்கணம் இவ்வளவே. ஆயினும் தொடக்கநிலை மாணவரின் பிழைகளுள் பெரும்பகுதி இதில்தான் நிகழ்கிறது.

ஹைட்ராக்சைடு அயனி புரோமோமெத்தேனுடன் வினைபுரிந்து மெத்தனாலையும் புரோமைடு அயனியையும் தரும் வினையை எடுத்துக்கொள்வோம். இதற்கு இரண்டு அம்புகள் தேவை. முதலாவது ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணையிலிருந்து கார்பனை நோக்கிச் செல்லும். இரண்டாவது கார்பன்–புரோமின் பிணைப்பின் நடுவிலிருந்து புரோமினை நோக்கிச் செல்லும். இரண்டாவதை வரையாது விட்டால் கார்பனுக்கு ஐந்து பிணைப்புகள் உண்டாகிவிடும். முதலாவதைத் திருப்பி வரைந்தால், எலக்ட்ரான் குறைவுற்ற கார்பன் தன்னிடம் இல்லாததைக் கொடுப்பதாகப் பொருள்படும். திரையில் ஆசிரியர் இவ்விரு அம்புகளையும் சில நொடிகளில் வரைந்து முடிக்கிறார். காண்பவர்க்கு அது விளங்கியதாகவே தோன்றும். உண்மையில் விளங்கியது ஆசிரியர் வரைந்த அம்பு சரி என்பது மட்டுமே. எந்த அணுவிலிருந்து தொடங்குவது என்ற முடிவை மாணவர் எடுக்கவே இல்லை.

வகுப்பறையில் மாணவர் ஆசிரியரோடு சேர்ந்தே குறிப்பேட்டில் எழுதுவார். கரும்பலகையின் வேகம் கையின் வேகத்தோடு ஏறத்தாழ ஒத்திருக்கும். இணையத்திலோ ஒன்றரை மடங்கு வேகத்தில் காணொலியை ஓடவிடும் வழக்கம் பரவியுள்ளது. முன்கூட்டியே வரையப்பட்ட படவில்லைகளைக் காட்டும் பாடங்களில் அமைப்பு வாய்பாடு முழுமையாகத் தோன்றி மறைகிறது. அது எவ்வரிசையில் வரையப்பட்டது என்பதே தெரிவதில்லை. இக்காரணத்தால், அழகிய அசைவூட்டப் படங்கள் கொண்ட பாடத்தைவிட, ஆசிரியர் தம் கையால் தாளில் மெல்ல வரைந்து காட்டும் எளிய பாடமே தொடக்கநிலை மாணவர்க்கு ஏற்றது என்பது கட்டுரையாளர் கருத்து.

காணொலிக்கு வகுப்பறையில் இல்லாத ஒரு வசதியும் உண்டு: அதை நிறுத்தலாம். வினைபடுபொருள்கள் திரையில் தோன்றியவுடன் நிறுத்தி, அம்புகளையும் விளைபொருளையும் தாளில் வரைந்து, அதன்பின் ஓடவிட்டு ஒப்பிட்டால் முடிவெடுக்கும் பொறுப்பு மாணவரிடம் வந்துவிடுகிறது. இவ்வாறு பயில்பவர்க்கு நாற்பது நிமிடக் காணொலி இரண்டு மணி நேரம் பிடிக்கும். பாட அட்டவணைகள் இந்நேரத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

கவர்தலா, நாடுதலா

தமிழில் வேதியியல் நூல் எழுதும் முயற்சி ஈழத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் காலத்திலேயே உருப்பெற்றது. அவர்தம் முயற்சியால் 1875இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' தன் தலைப்பிலேயே அக்காலத்தின் தயக்கத்தைக் காட்டுகிறது: பெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா? அதன்பின் தமிழகமும் ஈழமும் தத்தம் பாடநூல்களுக்குத் தனித்தனியே கலைச்சொற்களை ஆக்கிக்கொண்டன. அச்சுநூல் காலத்தில் ஒரு நாட்டு மாணவர் மற்ற நாட்டுச் சொல்லைச் சந்திக்கும் வாய்ப்புக் குறைவாகவே இருந்தது. இணையம் இவ்விரு மரபுகளையும் ஒரே தேடல் பக்கத்தில் அடுத்தடுத்து நிறுத்திவிட்டது.

தமிழகத்தில் கரிம வேதியியல் என்பது ஈழத்தில் சேதன இரசாயனம். தமிழக மாணவர்க்குச் சகப்பிணைப்பு என்பது யாழ்ப்பாண மாணவர்க்குப் பங்கீட்டுவலுப் பிணைப்பு. மாற்றியம் அங்கே சமபகுதியம். உடனிசைவு அங்கே பரிவு. இனக்கலப்பு அங்கே கலப்பாக்கம். எலக்ட்ரான் இலத்திரன் எனவும், கார்பன் காபன் எனவும் வழங்கும். தமிழில் பாடம் தேடும் மதுரை மாணவர், இலங்கை உயர்தரத் தேர்வுக்காக ஆக்கப்பட்ட மிகச் சிறந்த காணொலி ஒன்றைக் கண்டும், முதல் இரண்டு நிமிடங்களில் இது வேறு பாடம் எனக் கருதி விலகிவிட வாய்ப்புண்டு. மறுதலையும் உண்மை.

இவ்விணைகளுள் ஒன்று வேறுபட்ட வழக்கு என்பதற்கும் அப்பால் ஆழ்ந்து நோக்கத்தக்கது. எலக்ட்ரான் செறிந்து, நேர்மின்தன்மையுள்ள மையத்தைத் தேடிச் செல்லும் வினைப்பொருளைத் தமிழகப் பாடநூல்கள் கருக்கவர் பொருள் என்கின்றன. ஈழத்தில் அது கருநாடி. எலக்ட்ரான் குறைவுற்றதோ தமிழகத்தில் எலக்ட்ரான் கவர் பொருள், ஈழத்தில் இலத்திரன்நாடி. 1930களில் கிறிஸ்டோபர் இங்கோல்டு வழக்கிற்குக் கொண்டுவந்த ஆங்கிலச் சொற்களின் ஈற்றுப்பகுதி விரும்புதல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து பிறந்தது. நாடுதல் அப்பொருளுக்கு அணுக்கமானது. கவர்தலோ தமிழில் பற்றி எடுத்துக்கொள்ளுதலையும் உணர்த்தும். ஆநிரை கவர்தல் என்பதில் அப்பொருளே முதன்மை.

இது சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்தி அன்று. எலக்ட்ரான் கவர் பொருள் எலக்ட்ரானைப் பெறுகிறது. அங்கே கவர்தல் என்பது பொருந்துகிறது. கருக்கவர் பொருளோ எதனையும் எடுத்துக்கொள்வதில்லை. தன் எலக்ட்ரான் இணையைக் கொடுக்கிறது. 'கவர்' என்னும் ஒரே வினையடி இரண்டிலும் அமைந்திருப்பதால், இரண்டுமே எடுத்துக்கொள்வன என்று மாணவர் எண்ண இடமுண்டு. அவ்வெண்ணம் தாளில் அம்பாக மாறும்போது, அது கார்பனிலிருந்து ஹைட்ராக்சைடை நோக்கித் திரும்பிவிடும். 'நாடி' என்றால் கொடுப்பதா பெறுவதா என்ற முன்முடிவு இல்லை. சென்றடைதல் மட்டுமே உண்டு. அதோடு அது ஒரே சொல். கருநாடி வினை, கருநாடித் திறன் எனத் தொடர் ஆக்குவதற்கும் இயைந்தது. தமிழக நூல்கள் இவ்வொரு சொல்லையேனும் ஈழ வழக்கிலிருந்து ஏற்றுக்கொள்ளுதல் நன்று. ஏற்கும்வரை, இணையப் பாடம் ஆக்குவோர் இரு வடிவங்களையும் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் திரையில் ஒருமுறையேனும் சேர்த்துக் காட்டினால் மாணவரின் தேடல் எளிதாகும்.

பெயரிடலும் பகுபத இலக்கணமும்

ஐயுபிஏசி பெயரிடுமுறை பெரும்பாலான அறிமுகப் பாடங்களில் இரண்டாம் வாரத்திலேயே வந்து, விதிகளின் நீண்ட பட்டியலாக மாணவரை அயரச் செய்கிறது. தமிழிலக்கணம் பயின்றவர்க்கு இது அயலான முறை அன்று. பியூட்டனால் என்னும் பெயரைப் பிரித்தால், பியூட் என்பது நான்கு கார்பன்களைக் குறிக்கும் பகுதி. அன் என்பது ஒற்றைப் பிணைப்புகளைக் காட்டும் இடைநிலை. ஆல் என்பது ஆல்கஹால் குடும்பத்தைக் காட்டும் விகுதி. தமிழ் வினைமுற்றில் இடைநிலை காலம் காட்டுவதுபோல, இங்கே அன், ஈன், ஐன் என்னும் மூன்றும் பிணைப்பின் வகையைக் காட்டுகின்றன. விகுதி திணை, பால் காட்டுவதுபோல, இங்கே வினைத்தொகுதி இன்னதென்று காட்டுகிறது. (ஆல் என்பதை மூன்றாம் வேற்றுமை உருபாக வாசித்து, 'மெத்தனால் எது நிகழ்ந்தது?' என்று கேட்கும் குறும்பும் வகுப்புகளில் உண்டு.)

புணர்ச்சியும் உண்டு. ஆங்கில எழுத்தில் ஆல்கேனின் பெயர் ஒலியாத ஓர் உயிரெழுத்தில் முடியும். உயிரில் தொடங்கும் விகுதி வரும்போது அவ்வீற்றுயிர் கெடும். மெய்யில் தொடங்குவது வரும்போது கெடாது நிற்கும். வரகு என்பது அரிசியோடு சேர்ந்து வரகரிசி ஆகும்போது உகரம் கெடுவதும், சோற்றோடு சேர்ந்து வரகுச்சோறு ஆகும்போது அது நிற்பதும் போன்றதே இது. இவ்விதி தமிழ் எழுத்துப்பெயர்ப்பில் மறைந்துபோகிறது. மெத்தேன், மெத்தனால் என எழுதும்போது ஏகாரம் அகரமாகத் திரிந்ததுபோல் தோன்றுகிறது. ஈத்தேன், எத்தனால் என்பதில் முதலெழுத்தும் குறுகிவிடுகிறது. இரண்டு ஆல்கஹால் தொகுதிகள் உள்ள சேர்மத்தின் பெயரிலோ டகர மெய்யில் தொடங்கும் 'டை' வருவதால், ஈத்தேன் என்பது முழுமையாகவே நிற்கிறது. தமிழில் மட்டும் படித்தவர் இவை மூன்றையும் தனித்தனியே மனனம் செய்ய நேர்கிறது. காரணத்தை ஒருமுறை சொல்லிவிட்டால் அச்சுமை நீங்கும்.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. மெத்தில், புரோமோ போன்ற முன்னொட்டுகளுக்குப் பகுபத உறுப்புகளில் நிகர் இல்லை. அவற்றை அடைமொழியாகக் கொள்ளலாம். மேலும், இடைநிலை என்னும் சொல் வேதியியலில் வினையின் நடுவே தோன்றி மறையும் பொருளுக்கும் வழங்குவதால், ஆசிரியர் எச்சரிக்கையோடு பயன்படுத்த வேண்டும்.

தட்டைத் திரையும் நான்முகியும்

கார்பனின் நான்கு பிணைப்புகள் ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி, 109.5 பாகைக் கோணத்தில் அமைகின்றன என்பதை வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் 1874இல் தனித்தனியே முன்வைத்தனர். வான்ட் ஹாஃப் தம் கருத்தை வாசகர் ஏற்க மாட்டார் என உணர்ந்து, அட்டையால் நான்முகிகள் செய்து சக அறிவியலாளர்க்கு அனுப்பினார். தாளில் உள்ளது மனத்தில் எழும்பாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஒன்றரை நூற்றாண்டு கழிந்தும் நிலைமை அதுவே.

திரையில் தடித்த ஆப்புக்கோடு நம்மை நோக்கி வரும் பிணைப்பையும், துண்டுக்கோடு பின்செல்லும் பிணைப்பையும் குறிக்கும். இம்மரபைப் படிக்கப் பயிற்சி வேண்டும். பப்கெம் தரவுத்தளத்திலும் மோல்வியூ தளத்திலும் மூலக்கூறைச் சுட்டியால் சுழற்றிக் காணலாம், பயனுள்ளவையே. ஆனால் சுழற்றுவது எளிதாக இருப்பதாலேயே, சுழன்றபின் தோன்றும் வடிவம் எது என்று முன்கூட்டி ஊகிக்கும் உழைப்பு நிகழாமல் போகிறது. கைவச மாதிரி இதனினும் மேல். விலைக்கு வாங்க வேண்டியதில்லை: களிமண் உருண்டை ஒன்று, ஈர்க்குச்சி நான்கு, நான்கு நிறங்களில் சிறு உருண்டைகள் போதும். இரண்டு மாதிரிகள் செய்து, ஒன்றில் இரு நிறங்களை மட்டும் இடமாற்றினால் அவை ஒன்றன்மீது ஒன்று பொருந்தா; ஒன்று மற்றதன் ஆடிப்பிம்பமாகும்.

இவ்வேறுபாடு ஏட்டளவினது அன்று. கார்வோன் என்னும் சேர்மத்தின் ஆர் வடிவம் ஸ்பியர்மின்ட் எனப்படும் புதினா வகைக்கு மணம் தருகிறது. அதன் ஆடிப்பிம்பமாகிய எஸ் வடிவம் சதகுப்பை விதையின் மணத்திற்குக் காரணம். அணுக்களும் பிணைப்புகளும் ஒன்றே. மூக்கு மட்டும் இரண்டையும் பிரித்தறிகிறது. நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் சதகுப்பையை முகர்ந்து பார்ப்பது எந்தக் காணொலியும் தர இயலாத பாடம்.

முன்னர்க் கூறிய புரோமோமெத்தேன் வினை இங்கே மீண்டும் பயன்படும். ஹைட்ராக்சைடு, புரோமினுக்கு நேர் பின்புறமாக வந்தே கார்பனை அணுகுகிறது. அணுகும்போது எஞ்சிய மூன்று பிணைப்புகளும் காற்றில் மடங்கும் குடைபோல் மறுபுறம் சாய்கின்றன. மெத்திலில் மூன்றும் ஹைட்ரஜன் ஆதலால் இச்சாய்வு புலப்படாது. நான்கும் வெவ்வேறான கார்பனில் அது வடிவத் தலைகீழாக்கமாக வெளிப்படும். பவுல் வால்டன் 1896இல் மாலிக் அமிலத்தைக் கொண்டு கண்ட புதிருக்கு விடை, 1930களில் ஹியூசும் இங்கோல்டும் செய்த ஆய்வுகளால் இவ்வாறு துலங்கியது. கார்பனைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் இருந்தால் பின்புற வழி அடைபட்டுவிடும். அப்போது புரோமைடு முதலில் விலகி, கார்போகேட்டயான் உருவாகி, வினை வேறுவழியில் நடக்கும். களிமண் மாதிரியில் மூன்று பெரிய உருண்டைகளைப் பொருத்திப் பின்புறமாக விரலை நுழைக்க முயன்றவர்க்கு, எஸ்.என்.1, எஸ்.என்.2 அட்டவணையை மனனம் செய்யும் தேவை பாதியாகிவிடும்.

மதிப்பீட்டில் எழும் இடைவெளி

என்.பி.டி.இ.எல். பாடங்களில் வார ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண்களும் மேற்பார்வையிடப்படும் இறுதித் தேர்வுக்கு 75 மதிப்பெண்களும் உண்டு. சான்றிதழ் பெற முறையே 10, 30 மதிப்பெண்களேனும் தேவை. பெருந்தொகையினரைக் கணினி வழியே மதிப்பிட வேண்டியிருப்பதால் வினாக்கள் பெரும்பாலும் தெரிவுவகையாக அமைகின்றன. நான்கு விளைபொருள்களுள் சரியானதைத் தெரிவு செய்வது இனங்காணும் திறன். ஒன்றுமில்லாத தாளில் அதனை வரைவது ஆக்கும் திறன். கரிம வேதியியலில் இவ்விரண்டிற்கும் இடையே உள்ள தொலைவு பிற பாடங்களைவிடப் பெரிது. வெளியேறும் தொகுதி இல்லாத விடைகளை நீக்கியே, வினையை அறியாமலும் சரியான விடையை அடையலாம்.

எத்தனாலின் பி.கே.ஏ. மதிப்பு ஏறத்தாழ 16 என்றும், அசிட்டிக் அமிலத்தினது 4.76 என்றும் தெரிந்து, வலிமை மிக்க அமிலம் எது என்னும் வினாவிற்கு நொடியில் விடையளிக்கலாம். ஏன் என்று கேட்டால், அசிட்டேட் அயனியின் எதிர்மின்சுமை உடனிசைவால் இரண்டு ஆக்சிஜன்களிலும் பரவுவதை இரண்டு அமைப்புகள் வரைந்து காட்ட வேண்டும். பல்கலைக்கழகப் பருவத் தேர்வு கேட்பது இதைத்தான். மாணவர் தாம் வரைந்த தாளைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்ப, கல்லூரியில் உள்ள ஆசிரியர் ஒருவர் வாரந்தோறும் ஐந்து வினைவழிமுறைகளையேனும் திருத்தித் தருவது இவ்விடைவெளியைக் குறைக்கும். ஸ்வயம் பாடத்தை மதிப்பலகிற்காக ஏற்கும் கல்லூரி, இதற்கென ஆசிரியரின் பணிநேரத்தில் இடம் ஒதுக்காமல் விடுவது முறையன்று.

ஆய்வகம்

செய்முறையைப் பொறுத்தவரை இணையத்தின் எல்லை தெளிவானது. அம்ரிதா விஸ்வ வித்யாபீடமும் சி-டாக் நிறுவனமும் உருவாக்கிய ஓலேப்ஸ் போன்ற மெய்நிகர் ஆய்வகங்கள் செய்முறையின் வரிசையை நன்கு கற்பிக்கின்றன. பிரிபுனலைக் குலுக்கியபின் அழுத்தத்தை வெளியேற்றும் கைப்பழக்கத்தையோ, பீங்கான் சில்லு இடாமல் காய்ச்சிய நீர்மம் திடீரெனப் பொங்கி எழுவதையோ அவை தர இயலா. வீட்டில் கரிமக் கரைப்பான்களைக் கொண்டு செய்துபார்க்கத் தூண்டும் காணொலிகளை மாணவர் தவிர்க்க வேண்டும். வளைந்த அம்புக்குறியை உலகிற்குத் தந்தவருள் ஒருவரான கெர்மாக், 1924இல் முறையான ஆய்வகத்திலேயே நேர்ந்த கார வெடிப்பில் இரு கண்களின் பார்வையையும் இழந்தார். அப்போது அவர்க்கு வயது 26.

விடுமுறைக் காலத்தில் பூட்டிக்கிடக்கும் கல்லூரி ஆய்வகங்களைச் சில நாள்களுக்கேனும் இணையவழி மாணவர்க்குத் திறந்துவிடலாம். மாசுற்ற பென்சாயிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து, சூட்டோடு வடிகட்டி, மெல்லக் குளிரவிட்டுப் படிகமாக்கி, அதன் உருகுநிலை 122 டிகிரி செல்சியசை எட்டுகிறதா எனக் காண்பதற்குத் தேவையான கரைப்பான் நீர் மட்டுமே. குறைந்த வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கிச் சில டிகிரிகள் வரை நீடித்தால் மாசு எஞ்சியுள்ளது. மாணவர் மீண்டும் ஒருமுறை படிகமாக்க வேண்டும்.